மங்களம் இல்லாத உருப்படி

தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிட்டுத்தான் கணேசலிங்கம் சனிக்கிழமைகளில் வயலின் சாதகம் பண்ணுவார். சத்தம் நுளம்பு முனகுவதுபோல அடங்கிவிடும். ஹோம்புஷ் குடியிருப்பில் அவருக்கு மேல்வீடு சிவனேஸ்வரியுடையது. அவள் கணவர் பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து அந்த நேரம்தான் கண் அயர்வார். அதற்காகத்தான் ரப்பர் என்று கணேசலிங்கம் ஒருநாளும் சொன்னதில்லை. வடை கொடுக்கப் போன அன்று சிவனேஸ்வரி தானே கண்டுகொண்டாள்.

ரயில்வேயில் வரைபடம் போடுகிற வேலை கணேசலிங்கத்துக்கு. மனிதரை ஓரிடத்தில் பிடித்து வைக்க முடியாது. தேநீரை நின்றபடியே குடிப்பார். பாதியை ஜன்னலில் வைத்து மறந்துவிட்டு இன்னொன்று போடுவார்.

"இருங்கோவன் தம்பி" என்று கதிரையை இழுத்துப் போட்டால், "இருந்தால் அலுப்பு வந்திடும் அக்கா" என்பார்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுத் தேவாரத்துக்கு வாசிக்கும்போது மட்டும் சப்பாணி கட்டி உட்காருவார். மங்களம் முடியும்வரை அசையமாட்டார்.

இலோனா என்ற ஹங்கேரிக்காரி நடத்திய மேல்நாட்டு இசை நால்வர் குழுவில் அவருக்கு இரண்டாம் வயலின் கிடைத்தது. தேவாலய மண்டபக் கச்சேரியில் நன்றாக வாசித்தால் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக அவள் சொல்லியிருந்தாள். அதிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. எடுத்த உருப்படி நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியது, சின்னது. நாலு வில்லும் நடுங்கி நடுங்கி ஓடும். எழுதியவர் முதல் பாகத்தை மட்டும் முடித்து, அடுத்ததைப் பாதியில் விட்டுவிட்டாராம்.

"அந்தரப்பட்டுக்கொண்டே நிண்டுபோகுது அக்கா. மங்களம் இல்லாமல் எப்பிடி எழும்புறது?"

"அவையின்ரை முறை அப்பிடியாக்கும்."

"முறை சரி. கை கேக்குதில்லையே."

வீட்டில் ஒவ்வொரு தடவையும் அதை முடித்த கையோடு, மங்களத்தில் ஓர் அடி வாசித்துத்தான் வில்லை இறக்குவார்.

கச்சேரியன்று கதிரை நுனியில் இருந்து ஒரு பிசகில்லாமல் வாசித்தார். கடைசி வீச்சு விழுந்தது. நாலு வில்லும் மேலே நின்றன. கைதட்டுவதற்கு முந்திய அமைதியில் ஒரு வில் மட்டும் மறுபடி தந்தியில் இறங்கியது. மங்களம். பின்வரிசையில் சிவனேஸ்வரி பழக்கதோஷத்தில் எழுந்து கைகூப்பிவிட்டாள். மண்டபத்தில் சிரிப்புப் பரவியது.

"உனக்கு நிப்பாட்டத் தெரியாது, இனி வரவேண்டாம் எண்டிட்டாள் இலோனா" என்றார், திரும்பி வரும் ரயிலில் நின்றுகொண்டே.

"நான் வேறை எழும்பிட்டன்."

"அங்கை முறை தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான் அக்கா."

பிறகு அவருக்கு ஹோம்புஷில் மனம் ஒட்டவில்லை. மெல்பேர்னில் வேலை தேடிக்கொண்டார். புறப்படுமுன் வந்த கடைசி வெள்ளி, தேவாரம் முடிந்ததும் சிவனேஸ்வரி கற்பூரத் தட்டோடு மங்களத்துக்காகக் காத்து நின்றாள். அவர் வில்லைத் துடைத்தார். தளர்த்திப் பெட்டியில் வைத்தார்.

"தம்பி, மங்களம்?"

அவர் பெட்டியின் கொக்கியை மாட்டினார்.

"பாதியிலை கிடக்கட்டும் அக்கா. வந்து முடிப்பம்."