குடும்பத்தில் சேராத பல்பு

வீரபாண்டியில் உள்ள எங்கள் பனியன் யூனிட்டில், செக்கிங் மேஜைக்கு மேலே போனில் சொன்னபடி கேட்கும் ஆறு பல்புகளை மாட்டினேன். துணியின் ஷேடு பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும். விரலால் தொட்டால் பகல் வந்தது. செக்கிங்கைக் கவனிக்கும் என் மனைவி, "ஏனுங்க, சுச்சு போட்டா எரியாதுங்களா?" என்றாள். கேள்வியே எனக்குப் பிற்போக்காகப் பட்டது.

மூன்றாம் மாதம் ஒரு பல்பு ஃபியூஸ் போனது. அதே கம்பெனி பல்பு கடையில் இல்லை. கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்து, "பல்புக்கு என்னங்க சாதியா பாக்கப் போறீங்க?" என்றார். அதுவும் சொன்னபடி கேட்டது. பத்து நாள் கழித்து, அப்டேட் செய்யலாமா என்று போன் மரியாதையாகக் கேட்டது. சரி கொடுத்தேன். அந்த நிமிடம் முதல் ஐந்து பல்பு பகலாகவும் புதியது மட்டும் மஞ்சளாகவும் எரிந்தன.

பழைய பல்பு கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"அது எங்க குடும்பத்து பல்பு இல்லீங்க சார். உங்க பாதுகாப்புக்காகத்தான் நிறுத்தியிருக்கோம்" என்றது ஒரு பெண்குரல்.

"பல்பால எனக்கு என்னங்க ஆபத்து?"

"எங்க பல்பா இருந்தா சொல்லலாங்க சார்."

மனைவி சொன்னாள்: "நம்ம பக்கம் ஒரே குலக் கூட்டத்துல பொண்ணு எடுக்கக் கூடாது. இவங்க கூட்டத்துக்குள்ளயேதான் எடுக்கோணுங்கறாங்க."

அவர்கள் கூட்டத்துப் பல்பு வர நான்கு நாள் ஆகும். அதற்குள் சரக்கு வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஒரே சாயத்தில் நனைந்த இரண்டு சிவப்பு டீ-சர்ட்டை மேஜையின் இரு முனையிலும் வைத்துப் பார்த்தவர், "ஷேடு மாறுதுங்களே" என்று பேனாவை மூடினார். மனைவி மேஜையின் ஒரு முனையைத் தூக்கினாள், நான் மறுமுனையை. வாசலில் வெயிலில் போட்டோம். சிவப்பு இரண்டும் ஒன்றாயின. எந்த அப்டேட்டும் கேட்காமல் சூரியன் எரிந்துகொண்டிருந்தது.

கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்டர், காலர் பட்டனைத் திருப்பிப் பார்த்தார். "இது நாங்க சொன்ன கம்பெனிலதானுங்களே வாங்குனீங்க? வேற பட்டன்னா சரக்கு எடுக்க மாட்டோம்."

"அங்கயேதானுங்க வாங்கினோம்" என்றேன் பணிவாக.

அச்சு அசலாக அதே பட்டன், அவர்கள் கூட்டத்தில் சேராமல், எதிர்க்கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி டீ-சர்ட்டுகளை அள்ளி முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் சிரிப்பு வாசல்வரை கேட்டது.