மைக்கில் சொன்ன பொய்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்து மழையில் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரைத் தாண்டி உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். பெயர் வேண்டாம்; சொன்னால் நாலு பேர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அங்கே நான் வார்டு மெம்பர். மெம்பர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் என் கதவைத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஏரி நிறைந்து பல வருடமாகியிருந்தது. ஏரி நிறைந்து, கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதை எங்கள் பக்கம் 'கோடி போகுது' என்போம். முதல் தண்ணீர் வழியும்போது மஞ்சள், குங்குமம், பூ தூவி, தேங்காய் உடைத்து, பொங்கல் வைத்துக் கும்பிடுவது வழக்கம். இத்தனை வருடம் கழித்து நிறைகிறதே, இந்தத் தடவை தடபுடலாகச் செய்யவேண்டும் என்று ஊரே ஆசைப்பட்டது. விழுப்புரத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து முதல் பூவைத் தூவுவதாக ஏற்பாடு. அவருக்கு வெள்ளிக்கிழமைதான் நேரம் ஒழிந்தது. இது ஏரிக்குத் தெரியுமா? புதன்கிழமையே ததும்ப ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கலங்கல் மேல் வரிசையாக மணல் மூட்டைகளை அடுக்கி ஏரியைப் பிடித்து நிறுத்தினோம். பெரிய மனிதர் வந்ததும் மூட்டையை எடுப்பது, தண்ணீர் பாய்வது, அவர் பூத் தூவுவது, அதைப் படம் பிடித்து ஊர்ச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் போடுவது. இதுதான் திட்டம். ஊராட்சியில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. கரண்டும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் என் வீட்டுக்காரரும் நானும் குடையைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனோம். எங்கள் வீடு கரைக்கு நேர் கீழே இருக்கும் தெருவில்தான். வீட்டில், தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகளும் பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத பேத்தியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கரை மேல் ஏறிப் பார்த்தோம். தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே நின்றது. அதைவிட மோசம், கரையின் வெளிப்பக்கம். பழைய மதகுக்குப் பக்கத்தில், எங்கள் தெருவைப் பார்த்த பக்கம், அடிவாரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஏரிக்கரை கசிவது புதிதல்ல. தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டோம். இது செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு குழம்பு கொதிக்கிற மாதிரி கொப்பளித்து வந்தது. கரை உள்ளுக்குள் கரைகிறது என்று விவசாயம் செய்கிற யாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் கீழே இறங்கி அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"மூட்டைய ஜல்தியா பிரிச்சாவணும். நான் ஆளுங்கள இட்டுக்கினு கலங்கலுக்குப் போறேன். நீ தெருவக் காலி பண்ணு" என்றார்.

கலங்கல் ஏரியின் அந்தக் கோடியில் இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் ஓட, நான் இந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். பூஜைக்காக மைக் செட்டும் ஜெனரேட்டரும் அங்கேதான் வைத்திருந்தோம். ஊராட்சித் தலைவரம்மா பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டார், லைன் போகவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"மைக்ல சொல்லு. ஆனா ஏரி ஒடையுதுன்னு மட்டும் வாயத் தொறக்காத. போன மழைக்கு நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. அந்த முந்தைய மழையில் எவனோ ஒரு புண்ணியவான், ஏரி உடைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினான். வெறும் புரளி. ஆனால் ஊரே தலைதெறிக்க ஓடியதில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, ஒரு வயசான அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து, அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எங்கள் தெருவின் வழியோ ஒரு வண்டி போகிற அகலம்தான். பயந்து ஓடினால் மிதித்தே கொன்றுவிடுவார்கள். அதற்காகச் சும்மா கூப்பிட்டால், கொட்டுகிற மழையில் யார் வருவார்கள்?

எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ. மைக்கைப் பிடித்தேன். குரல் நடுங்கக் கூடாது என்று கம்பத்தை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினேன். பூஜையை முன்கூட்டியே கோயிலில் வைத்துவிட்டோம், விழுப்புரத்திலிருந்து வருகிறவர் அம்மனுக்குப் படைத்து வீட்டுக்கொரு சேலை கொடுக்கப்போகிறார், குழந்தை குட்டி பெரியவர்கள் எல்லோரும் நேரில் வந்தால்தான் உண்டு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கூசாமல் அளந்துவிட்டேன். மூன்று தடவை சொன்னேன். என்னைப் பக்கத்தில் நின்று பார்த்த தலைவரம்மாவே ஒரு கணம் நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

வந்தார்கள் பாருங்கள். கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாதவர்களை டிவிஎஸ் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு, தெரு மொத்தமும் மேட்டுக்கு ஏறி வந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் விழவில்லை. இடுப்பு உடைந்த அந்த அம்மாவைக்கூட நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்துவிட்டார்கள். கலர் பார்த்து எடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். ஒவ்வொரு வீடாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா வீடும் வந்தாகிவிட்டது. அப்பாடா என்று கோயில் தூணில் சாய்ந்து மூச்சு விட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என்மீதே எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது எதிர் வீட்டு அக்கா பக்கத்தில் வந்து, "உம் பொண்ணுக்கும் சேத்து வாங்கிக்கம்மா. பாவம், தீட்டுக்காரி, அவ எப்படிக் கோயிலுக்கு வருவா?" என்றார்.

தெருவோடு தெருவாக அவளும் வந்திருப்பாள் என்று நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை பெற்றவள் முப்பது நாள் கழியாமல் கோயில் படி ஏறக்கூடாது. எங்களுக்கெல்லாம் தீட்டுக் கழித்தாகிவிட்டது, அவளுக்கு இன்னும் கழியவில்லை. வாசற்படி தாண்டாதே என்று அவளைக் கட்டுப்படுத்தி உட்கார வைத்திருந்ததே நான்தான். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் இழுத்துவர ஒரு பொய்யைத் தேடிப் பிடித்தேன். அந்தப் பொய் என் வீட்டுக்கு மட்டும் போய், 'நீ வராதே' என்று சொல்லியிருக்கிறது.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ராத்திரியெல்லாம் கரண்ட் இல்லை, சார்ஜ் எங்கிருந்து இருக்கும்? தலைவரம்மாவிடம் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று தெரியாது. ஓடினேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு, மூட்டு வலி உண்டு. அன்று எதுவும் தெரியவில்லை. கடைசியாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்த ஓரிரண்டு பேர், சேலை தீர்ந்துவிட்டதா, ஏன் திரும்பி ஓடுகிறாய் என்று கேட்டார்கள். அவர்களைத் தாண்டி இறங்கினேன். தெருவில் கணுக்கால் அளவுக்குச் செந்தண்ணீர் ஓடியது. மழைத் தண்ணீர் என்று யாராவது நினைத்திருக்கலாம். எனக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். திறந்து கிடந்த வீடுகள், கட்டிப்போட்ட இடத்தில் கத்துகிற ஆடுகள். மனிதச் சத்தமே இல்லை. காலியான தெரு அவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

என் மகள் பின்கட்டு அறையில் இருந்தாள். தீட்டுக்காக அவளைத் தனியாக வைத்திருந்த அறை அது, கரையை ஒட்டின அறை. சாம்பிராணிப் புகைக்கு நடுவில் சாவகாசமாகக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "இன்னாம்மா, அதுக்குள்ள குடுத்துட்டாங்களா? எனக்குப் பச்சைக் கலர் எடுத்தியா?" என்றாள்.

"எழுந்திரு, கோயிலுக்குப் போலாம்" என்றேன்.

"கோயிலுக்கா? நீதானே வாசப்படி தாண்டாதன்னு சொன்ன."

"ஏரிம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

குழந்தையை என் புடவைத் தலைப்பில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். மகளின் வயிற்றில் தையல் இன்னும் ஆறவில்லை. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. ஒவ்வொரு அடிக்கும், இப்போது வரும், இப்போது வரும் என்று முதுகு கூசியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. குழந்தை பால் பாதியில் நின்ற கோபத்தில் வீறிட்டு அழுதது. அழட்டும், அழுதால் உயிரோடு இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மேடு ஏறும் இடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னாலேயே ஒரு பெரிய இரைச்சல். மதகுப் பக்கம் கரை சரிந்து ஏரி எங்கள் தெருவுக்குள் பாய்ந்தது. மேலே கோயிலிலிருந்து ஒரே ஓலம். அப்போதுதான் அவர்களுக்கு எதற்காக வரவழைக்கப்பட்டோம் என்று தெரிந்தது.

கோயில் வாசலுக்கு வந்ததும் என் மகள் நின்றுவிட்டாள். நனைந்து உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. நான் வெளியிலேயே நிற்கிறேன், குழந்தையை மட்டும் உள்ளே கொண்டுபோ என்றாள். குழந்தைக்கும் தீட்டுதானே என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் அதைத்தான் யோசித்தேன், பாருங்கள். பூசாரி எங்களைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, அம்மன் சந்நிதிக்கு முன்னால் காய்ந்த இடம் பார்த்து விரித்தார்.

"மழையில நிக்காதம்மா. உள்ள வந்து குந்து" என்றார்.

பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி காய்ந்த புடவை கொடுத்தாள்.

என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் கலங்கல் மூட்டைகளில் பாதிக்கு மேல் பிரித்துவிட்டிருந்ததால், தண்ணீரின் வேகம் அதோடு அடங்கியது; கரையும் மேற்கொண்டு சரியவில்லை. ஆடுகள் போயின, சுவர்கள் போயின. மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டின் முன்பக்கம் நின்றது. பின்கட்டு அறை இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், என் வீட்டுக்காரர்தான் தூக்கிக் கூட்டிவந்தார்.

மெம்பர் சமயோசிதமாக ஊரைக் காப்பாற்றினார் என்று வாட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டார்கள். கை கூப்பிய பொம்மைகள் குவிந்தன. சிலர் சேலை எங்கே என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் எதுவும் ஒட்டவில்லை. இப்போது மழை எச்சரிக்கை வந்தால் குழுவில் செய்தி போட்டு முடித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காது கேளாதவர், படுக்கையில் இருப்பவர், பிள்ளை பெற்றவள், பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். மெம்பருக்கு வேறு வேலை இல்லை, பேஜாரு பண்றா என்று பின்னால் பேசுவது என் காதிலும் விழுகிறது. பேசட்டும். கரை சரிந்த சத்தம்கூட இப்போது என் கனவில் வருவதில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நம்பி, தூணில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட்டேனே, அந்த நிமிடம்தான் வருகிறது.