கூட்டுவதற்கு ஒரு மூலை

அந்தக் காலத்து மலாயாவின் ஜொகூரில் என்னைவிட நன்றாக ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் யாருமில்லை. காற்புள்ளியை எங்கே வைப்பது என்று பிரிட்டிஷ் ஆலோசகரே என்னிடம் ஆளனுப்பிக் கேட்பார். சரி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. கேட்டவர் எங்கள் தோட்டத்துத் தபால்காரர். அதுவும் ஒரே ஒரு தடவை.

ஆனால் அய்யாவு எழுதிய கட்டுரையை முதலில் வாசித்தவள் நான்தான். அதில் பொய்யில்லை. அவன் தங்கை பேச்சியம்மாள் இப்போதும் என் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள். அண்ணனைப் பற்றி எழுதுவதை அவ்வப்போது வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவள் உத்தரவு.

கூலாய்ப் பக்கம் ரப்பர் தோட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அப்பா கந்தப்பு அங்கே கணக்கெழுதும் கிராணி. அய்யாவு பால்மரம் வெட்டுகிறவரின் மகன். டவுன் பள்ளியில் ஆங்கிலம் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் அவனும் மரம் வெட்டினான். வெட்டிக்கொண்டே ஆங்கிலப் பாடத்தைச் சொல்லுவான். அவன் மரத்தில் பாலும் ஆங்கிலத்திலேயே வடியும்.

தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆட்களைக் குறைத்துக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அய்யாவு இங்கே பிறந்தவன். நாகப்பட்டினத்தில் இறங்கினால் யார் வீட்டுக்குப் போவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. உதவித்தொகையோடு அங்கே இடம் கிடைத்தால் தப்பிப்பான். வேறு வழியில்லை.

இந்தக் கல்லூரிக்கு நீங்கள் எவ்வாறு பொருத்தமானவர் என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அய்யாவு எழுதினான்: பால் நிறுக்கும் கொட்டகையில் சாயந்திரம் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். எந்த இடத்தில் அவர்கள் கண் வெளியே போகிறது என்று எனக்குத் தெரியும். ஏன் போகிறது என்று தெரியவில்லை. உங்கள் கல்லூரியை ஒட்டியே சிறுவர் பள்ளியும் இருக்கிறது. கற்றதை அன்றே அங்கே சோதிக்கலாம். அதனால்தான் வேறெங்கும் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன்.

வாசித்துவிட்டு ஒரு காற்புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. நான்!

அப்பாவிடம் காட்டாமல் தோட்டத்திலிருந்து ஒரு தாள் வெளியே போகாது. அவர் மனு எழுதினால் ஒழுகும் கூரைக்குத் தகரம் வரும், பிரசவத்துக்கு லீவு வரும். அந்தக் கையை எல்லோரும் நம்பினோம்.

"என்னடா இது? 'நான் பொருத்தமானவன்' எண்டு துரைமாருக்கு எழுதுறதே? கிழிச்செறிஞ்சு போடுவினம்."

"கேள்வியே அதுதாங்கய்யா. எப்படிப் பொருத்தம்னு கேக்குறாங்க."

"கேப்பினம். நாங்கள் சொல்லக்கூடாது."

"அந்தப் பிள்ளைங்களப் பத்தி மட்டுமாச்சும் இருக்கட்டுங்கய்யா."

"அதைப் படிச்சால், இவன் மரம் வெட்டாமல் வாத்தியார் வேலை பாக்கிறான் எண்டு நினைப்பினம்."

"அப்பா, அவன் எழுதினதுதான் நல்லாயிருக்கு," என்றேன்.

"நீ குசினிக்குப் போய் அடுப்பைப் பார்."

அப்பா சொல்லச் சொல்ல அய்யாவு எழுதினான். கருணைக்கடலே, அறிவிலியாகிய அடியேன், உங்கள் வகுப்பில் உட்கார அருகதையற்றவன், அந்தப் புண்ணிய இடத்தில் ஒரு மூலையைக் கூட்டும் பாக்கியம் கிடைத்தாலும் போதும். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எழுதும்போது அவன் தலை நிமிரவேயில்லை.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. விண்ணப்பதாரர் தம் தகுதியின்மையைத் தாமே தெரிவித்திருப்பதால் மாணவர் இடம் தருவதற்கில்லை. ஆனால் அவர் விரும்பிய துப்புரவு வேலைக்கு ஓர் இடம் காலியாக உள்ளது. திங்கட்கிழமை வரலாம்.

அப்பா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு, "கப்பலைவிட இது மேல்," என்றார். அய்யாவு ரயிலேறினான்.

அதன் பிறகு அவன் அந்த வகுப்பறைகளைக் கூட்டினான். கூட்டிக்கொண்டே எல்லாப் பாடத்தையும் காதால் பிடித்துவிட்டான். வெள்ளைக்கார வாத்தியாருக்கே சந்தேகம் வந்தால், துடைப்பத்தைத் தான் வாங்கிக்கொண்டு சாக்கட்டியை அய்யாவு கையில் கொடுப்பாராம். இந்த இடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

பேச்சியம்மாள் கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் வைத்தாள்.

"அலமாக், யோகம்மா! வகுப்பக் கூட்டுறதுக்கு வேற ஆளு இருந்தான். எங்கண்ணனுக்கு வாளிக் கக்கூசு அள்ளுற வேலதான். பின்வாசல் வழியா போயி பின்வாசல் வழியாவே வந்துச்சு. அந்த வகுப்பு உள்ள எப்படி இருக்கும்னு, சாகுற வரைக்கும் அதுக்குத் தெரியாது."