பச்சைமண் குழுவின் ஸ்டெல்லா அக்கா

சேத்தியாத்தோப்பில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது இப்ராஹிமின் அழைப்பு வந்தது. வளைகுடாவிலிருந்து அவர் வேலை நேரத்தில் அழைப்பதில்லை. "அன்பு, அக்கா போயிட்டாங்க" என்றார். மாதிரிப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை.

எங்கள் குழு வாசித்துக் கேட்டவர்கள் குறைவு என்பதால் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா அக்கா கிட்டார், மங்கலம்பேட்டை இப்ராஹிம் பேஸ் கிட்டார், நான் டிரம்ஸ். வாசித்தது சைக்கடெலிக் ராக், கனவில் மிதப்பதுபோல் நீண்டுகொண்டே போகும் இசை. பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது அக்காவின் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் வேலை செய்த விருத்தாசலம் பட்டறையிலேயே, சுடாத பொம்மைகளுக்கு நடுவே வாசிப்போம். எழுதிவைத்த பாட்டு கிடையாது. ஒரு மெட்டைப் பிடித்தால் ஒரு மணி நேரம் அது எங்கெங்கோ போகும். அக்கா எதிரொலிக்கு மேல் எதிரொலியாக அடுக்க அடுக்க, பலகையில் பொம்மைகள் நடுங்கும். "பாட்ட ஒரு மாதிரியா முடிவு பண்ணிக்கலாமேக்கா" என்று ஒருமுறை கேட்டேன். "சூளையில வெந்துட்டா அப்புறம் உருவத்த மாத்த முடியாது அன்பு. பச்சையாவே இருக்கட்டும்" என்றார். பச்சைமண் என்ற குழுவின் பெயர் அப்படி வந்ததுதான்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரி விழா. எங்களுக்குப் பதினைந்து நிமிடம். முதல் பாட்டே அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அறிவிப்பாளர் மைக்கோடு மேடைக்கே வந்து நின்றார். கூட்டம் ஊளையிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப்போனேன். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தனியாகவே வாசித்தார், மின்சாரத்தை அணைக்கும் வரை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னார். "புடிக்கலன்னா நிறுத்து, தப்பில்ல. என்னைய ஒரு பார்வ பாத்துட்டு நிறுத்தியிருக்கலாம்."

அடுத்த மாதம் இப்ராஹிம் வெளிநாடு போனார். அத்தோடு குழு முடிந்தது. நான்கு வருடம் அக்கா வீட்டுத் தெருவைத் தவிர்த்து வேறு வழியில் சுற்றிக்கொண்டு போனேன்.

போன மாதம், அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். "அன்னிக்கி நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன்.

"அத வுடு. எந்த எடத்துல எறங்கிப் போன? அங்கேருந்து புடி."

வயர் மாட்டாத கிட்டாரை மடியில் இழுத்துக்கொண்டார். நான் அரிசி டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன். கை வீங்கியிருந்ததால் இரண்டு விரலில்தான் வாசித்தார். இரண்டு தடவை வழி தவறினோம். மூச்சு வாங்கியதும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இருவரும் ஒன்றாக நிறுத்தினோம். "பரவால்ல, அன்னிக்கி நல்லாத்தான் போயிருக்கும் போல" என்றார்.

பதிவு செய்ய அவர் யாரையும் விட்டதில்லை. அதனால் அவருடைய ஒரு சுரம்கூட என்னிடம் இல்லை. எதிரே இருப்பவர் முடிக்கும் வரை எழுந்து போகாமல் இருப்பது, அது மட்டும் அவரிடமிருந்து வந்தது. அடக்கத்தின்போது கடைசி ஆள் மண் போடும் வரை நின்றேன். கால்தான் சும்மா இருக்காமல் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.