நன்றி சொல்லும் கடைசி வரி

காலை ஏழே முக்காலுக்கு குராமோச்சி நாற்காலியிலிருந்து எழுந்து, கால்சட்டையை இடுப்புக்கு மேல் ஏற்றிவிட்டு, வலது ஆட்காட்டி விரலைத் திரைக்கு நேராக நீட்டுவார். கண், விரல் நுனி, திரையிலுள்ள எண் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். வந்ததும், ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைப் பார்த்துக் கூவுவதுபோல, "பூஜ்யம்! சரி!" என்று கத்துவார். மாமனார் ரயில் ஓட்டியவர். கல்யாணத்தில் அவர் பக்கமிருந்து உருப்படியாக வந்தது இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

நகராட்சியின் அந்தக் கணினி அறையில் அவரைத் தவிர இருந்தது ஹொசுமி மட்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி வேலைக்குச் சேர்ந்தவள். முதல் நாள் கத்தலில் காபியை மடியில் கொட்டிக்கொண்டாள்.

ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கு வரிசையாக எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு, ஓடி முடிந்ததும் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். வேறு எது வந்தாலும் எங்கோ உதைக்கிறது. குராமோச்சி எழுதிய ஸ்கிரிப்ட், ஊரின் ஏழு பள்ளிகளிலிருந்தும் ஒவ்வாமைப் பட்டியல்களை இழுத்துவந்து, ஒன்றாகச் சேர்த்து, மதிய உணவுச் சமையற்கூடத்தின் அச்சுப்பொறிக்கு அனுப்பும். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எதற்குப் பால் ஆகாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பதினோரு வருஷமாகத் தினமும் பூஜ்யம். இவ்வளவு ஒழுங்காக அவருடைய குடல்கூட வேலை செய்ததில்லை.

புதிய ஒன்றாம் வகுப்புக்கு முதல் மதிய உணவு போகும் அன்று, ஹொசுமி பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சார், ஆற்றங்கரைப் பள்ளியில ரிக்குன்னு ஒருத்தன் இருக்கான். ஆறாம் வகுப்பு, முட்டை ஆகாது."

"அதுக்கென்ன?"

"அவன் என் தம்பி சார். போன மாசமே அந்தப் பள்ளிய முடிச்சுட்டான்."

"பூஜ்யம் வந்துச்சேம்மா!"

"அது எதோட பூஜ்யம்னு பாக்கலாமா?"

ஸ்கிரிப்டைத் திறந்தாள். கடைசி வரி, திரையில் ஒரு வாக்கியத்தை எழுதியது: 'இன்றும் உழைத்தீர்கள், மிக்க நன்றி.' வேலை முடிந்தவருக்கு நாலு வார்த்தை சொல்லாமல் அனுப்புவது அந்த ஊரில் அநாகரிகம். ஸ்கிரிப்டுக்கு மட்டும் எதற்கு ஓரவஞ்சனை என்று குராமோச்சி சேர்த்தது.

"கடைசியா ஓடின கட்டளையோட எண்ணைத்தான் சார் இது குடுக்கும். பள்ளிக்கூடம் ஏப்ரல்ல கடவுச்சொல்ல மாத்திடுச்சு. பட்டியல் வரல, பழசே போயிருக்கு. அதுக்கப்புறம் நன்றி சொல்லுது. நன்றி சொல்றதுல எவன் தோப்பான்? ஊரே எரிஞ்சாலும் பூஜ்யம்தான்."

"நான் மரியாதைக்குப் போட்டேம்மா..."

"மரியாதை பிரமாதம் சார்."

புதுக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிப் பட்டியலைத் திறந்தார்கள். ஒன்றாம் வகுப்பு, சுகுதா மியோ. முட்டை, கடுமையான ஒவ்வாமை. குராமோச்சி சுவரிலிருந்த உணவு அட்டவணையைப் பார்த்தார். ஆம்லெட். சமையல் தலைவி சருவதாரியைப் போனில் பிடித்தார்.

"அம்மா! ஆம்லெட்ட நிறுத்துங்க! ஆற்றங்கரைப் பள்ளியில ஒரு சின்னப் பொண்ணு, சுகுதா..."

"மியோ. அவளுக்கு டோஃபு தனியா வெச்சு, பேரெழுதி ஒட்டியாச்சு. கத்தாதீங்க, காது வலிக்குது. வேற?"

வேறு ஒன்றுமில்லை. குராமோச்சி போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

எந்தப் படி தோற்றாலும் அங்கேயே நின்று, அதன் எண்ணையே சொல்லும்படி ஹொசுமி ஸ்கிரிப்டை மாற்றினாள். எல்லாம் ஒழுங்காக முடிந்தால்தான் நன்றி. பழைய கடவுச்சொல்லோடு ஓட்டிக் காட்டினாள். குராமோச்சி மேசையைப் பிடித்து எழுந்து, விரலை நீட்டி, "ஒன்று! சரியில்லை!" என்று கத்தினார். பதினோரு வருஷத்தில் அவர் உண்மை பேசியது அதுவே முதல் முறை என்றாள் ஹொசுமி.

அலுவலகத்தின் டிசம்பர் விருந்தில், மூன்றாவது கோப்பைக்குப் பிறகு சருவதாரி சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் பட்டியலில் ஒரு பள்ளியே விடுபட்டிருந்ததாம். அன்றிலிருந்து தினமும் மதியம் மூன்று மணிக்கு ஏழு பள்ளிகளுக்கும் சருவதாரியே போன் போட்டு, மறுநாள் யாருக்கு எது ஆகாது என்று கேட்டுக்கொள்கிறார். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வது, குராமோச்சியின் பட்டியலுக்குப் பின்பக்கத்தில்.