பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டுப் பேர்

என் மனைவியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் வரிசை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளிவிவரப் பிரிவில் வேலை. எங்கே எத்தனை பேர் காத்து நிற்பார்கள், எத்தனை நர்ஸ் வேண்டும் என்று கணித்துச் சொல்வது அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனால்கூட, டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டே எத்தனை நிமிஷத்தில் உள்ளே போவோம் என்று சொல்வாள். அப்படியே நடக்கும். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அவள் கணக்கு பஸ் கண்டக்டரான எனக்கே புரியும். ஆட்கள் வருகிற வேகத்திலிருந்து அவர்களைப் பார்த்து அனுப்புகிற வேகத்தைக் கழித்தால், வரிசை எந்த வேகத்தில் நீள்கிறது என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான். இதற்குப் போய் வகைக்கெழுச் சமன்பாடு என்று பேர் வைத்துப் பயமுறுத்துகிறார்கள்.

போன வருடம் அவசரப் பிரிவின் முன்மேசைக்குக் கணக்குப் போட்டாள். வருகிறவர்களை நர்ஸ் முதலில் பார்த்து, யாரை உடனே உள்ளே அனுப்புவது என்று பிரிக்கிற மேசை அது. அங்கே மூன்று நர்ஸ்கள் இருந்தார்கள். இரண்டு பேர் போதும், ஒன்பது மணிக்கு வரிசையே இருக்காது என்றது அவள் அறிக்கை. நிர்வாகத்துக்குக் கசக்குமா? மூன்றாவது நர்ஸை மறுநாளே வேறு வார்டுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை ஒன்பது மணிக்கு, அந்த வரிசையின் கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெயின்டர் ஒருவர் சுருண்டு விழுந்தார். மாரடைப்பு. பிழைக்கவில்லை.

மேசையில் இருந்த மூத்த நர்ஸ் மேல் பழி விழுந்தது. "கணக்குப்படி வரிசையே இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா நீங்க மெத்தனமா வேலை பார்த்திருக்கீங்க" என்றார்களாம் விசாரணையில். வேலையே போகிற நிலை. அவருக்கு எதிரான ஆதாரம், என் மனைவி வரைந்த வரைபடம்.

நான்கு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"மறுபடி போட்டுப் பார்த்துட்டேங்க. விடிகாலை நாலு மணிக்கு வரிசை காலி. ஏழு வரைக்கும் மணிக்குப் பதினாலு பேர்தான் வராங்க. ரெண்டு நர்ஸால இருபது பேரப் பார்க்க முடியும். மூணு மணி நேரத்துல பதினெட்டு பேரோட நேரம் மிச்சம். அப்புறம் ரெண்டு மணி நேரம், மணிக்கு இருபத்தொம்பது பேரா வராங்க. பதினெட்டு பேர் அதிகம். ரெண்டும் சரியாப் போயிடுதே?"

"காலையில காலியாப் போன பஸ்ஸோட சீட்டை எட்டு மணி பஸ்ல சேர்த்துக்க முடியுமா என்ன?" என்றேன் விளையாட்டாக.

அவள் கணக்குத் தாளை இழுத்து ஏழு மணி வரியில் விரலை வைத்தாள்.

"ஏழு மணிக்கு மைனஸ் பதினெட்டுன்னு வந்துச்சுங்க. பார்க்க அசிங்கமா இருக்கு, நர்ஸோட ஓய்வு நேரம்தானேன்னு படத்துல அந்தப் பகுதிய நான்தான் வெட்டி விட்டேன்."

யாரும் வராத நேரத்தில் நர்ஸ் சும்மா இருந்ததை, பின்னால் வரப்போகிற கூட்டத்தை முன்கூட்டியே பார்த்து அனுப்பியதாகச் சமன்பாடு எடுத்துக்கொண்டுவிட்டது. வரிசை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. ஒன்பது மணிக்கு அங்கே பதினெட்டுப் பேர் நின்றிருக்கிறார்கள்.

மறுநாள் விசாரணை அதிகாரி முன்னால் போய் நின்றாள். அவர் நல்லவர்தான்போல. "நீங்களா வாயக் கொடுத்து மாட்டிக்காதீங்கம்மா. உங்களை நோக்கி யாரும் விரல் நீட்டலையே" என்றிருக்கிறார்.

"நீட்டணும் சார். அந்தம்மா ஒழுங்காத்தான் வேலை பார்த்தாங்க. பதினெட்டு பேரக் காகிதத்துல இல்லாமப் பண்ணது நான்."

நர்ஸின் வேலை தப்பியது. மூன்றாவது நர்ஸும் திரும்பி வந்தார். என் மனைவியைப் பதவி இறக்கிப் பழைய கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். நான் பெருமைப்பட்டேன் என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சமாதானமாகி, மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கோப்பு அறைக்குப் போனேன். அங்கே பெயின்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"அந்த மூணாவது நர்ஸம்மா இருந்திருந்தா, அவரு எவ்ளோ நேரம் நின்னிருப்பாரும்மா?"

சரியாகச் சொல்ல முடியாதும்மா என்று சொல்லிவிடேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"மணிக்கு முப்பது பேரப் பார்த்திருப்பாங்க. வரிசையே இருந்திருக்காதும்மா. வந்த உடனே உள்ள அனுப்பியிருப்பாங்க" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முன்னாடி போய் நெஞ்சு வலின்னு சொல்லுங்கன்னு நான் தள்ளினேன். பதினெட்டு பேருதானே, சீக்கிரம் நகர்ந்துடும்னாரு."