விரத வீட்டில் ஒரு ஃபெரெட்

ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள் நான். தேநீர்க் கோப்பையை ஒரு சன்னலில் வைத்துவிட்டு இன்னொரு சன்னலில் தேடுவேன். பிக்கரிங்கில் ஒரு கிடங்கில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தும் வீட்டுக்குள் நடப்பேன். மாடிக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் இறங்குவேன். மல்வேர்னில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் நானும் அக்காவும் மட்டும் இருக்கிற ஒரு ரவுன்ஹவுஸ் அது. ஆகவே, ஃபெரெட் என்று இங்கே வீடுகளில் வளர்க்கிற சின்னப் பிராணிகளில் கைவிடப்பட்டவற்றை ஸ்ரௌவ்வில்லில் ஒரு பெண்மணி தன் பேஸ்மென்றில் வைத்துப் பார்க்கிறார், நாலு வயதான ஒன்றுக்கு வீடு தேடுகிறார் என்று வேலையில் ஒருத்தி படத்தைக் காட்டியபோது எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எலும்பே வைக்காமல் செய்த மாதிரி ஒரு நீள உடம்பு. கண்ணைச் சுற்றி மண்ணிறப் பட்டை. எந்தப் பக்கத்தாலும் ஓடத் தயாராக நின்ற நாலு குட்டைக் கால். அந்தச் சனிக்கிழமையே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உது கீரியெல்லோ."

கீரி இல்லை, வேறு சாதி என்றேன்.

"என்ன சாதியெண்டாலும் மணக்குது," என்று சொல்லிவிட்டுச் சன்னலைத் திறந்தாள்.

ஸ்ரௌவ்வில் பெண்மணி இரண்டு பக்கமும் எழுதிய ஒரு கடதாசி தந்திருந்தார். இறைச்சி உணவு மட்டும். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும். பால், பழம், சோறு கூடாது. றப்பர்த் துண்டு எதுவும் எட்டக்கூடாது; விழுங்கினால் குடல் அடைக்கும். நமக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் அதற்கும் தொற்றும். வருடா வருடம் ஊசி. நான் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். பாத்திரம் கழுவும் மெஷினுக்குக் கீழே இருந்த ஓட்டையைப் பழைய துவாய்களால் அடைத்தேன். தூங்கத் தொட்டில் மாதிரி ஒரு துணி கட்டினேன்.

வந்த அன்று பின்னேரமே அது அந்தத் துணிக்குள் செத்துக் கிடந்தது. தூக்கினேன், தலை தொங்கியது. குலுக்கினேன், அசைவில்லை. அழுதுகொண்டு ஸ்ரௌவ்வில்லுக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்தார். அது நித்திரை, அப்படித்தான் தூங்கும், இன்னும் கொஞ்சம் பொறு என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது கொட்டாவி விட்டது.

பிறகு வந்த மூன்று கிழமையும் வீட்டில் காற்றுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. என் கணுக்காலைக் கடித்தது. காலுறைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சோபாவுக்குக் கீழே சேர்த்தது. சந்தோஷம் வந்தால் பக்கவாட்டில் துள்ளித் துள்ளிச் சுவரில் மோதி, கோழி கொக்கரிப்பதுபோல ஒரு சின்னச் சத்தம் போட்டது. நடப்பதற்கு எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. அக்கா அதைத் தொடமாட்டாள். ஆனால் கூட்டைக் கடக்கும்போது, சாப்பிட்டியோ என்று யாருக்கும் கேட்காத குரலில் அதனிடம் கேட்பாள்.

தீபாவளி முடிந்தது. கந்தசஷ்டி வந்தது.

நான் விரதம் பிடிப்பதில்லை. அக்கா ஆறு நாளும் பிடிப்பாள். பின்னேரம் ஒரு கோப்பை பாலும் ஒரு பழமும்தான். அந்த ஆறு நாளும் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. தொடங்குவதற்கு முதல் நாளே சட்டி பானை எல்லாம் கழுவி, ஃபிரீசரில் இருக்கும் மீனையும் இறைச்சியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, நிலத்தை இரண்டு தரம் துடைப்போம். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. வருடம் வருடமாக அப்படியே நடந்து வந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கும்போது அந்தக் கடதாசியைக் கழற்றி மேசையில் வைத்தேன். அக்கா துடைப்பத்தோடு நின்று, கோழி உணவு இருந்த பையைக் கண்ணால் காட்டினாள். உந்தப் பையை என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும்தான் கேட்டாள். எறி என்று சொல்லவில்லை.

"கராஜில வைக்கிறன்," என்றேன். "ஆறு நாள்தானே அக்கா. தயிரும் சோறும் குடுப்பம்."

சொன்னது நான்தான். கடதாசியில் இருந்தது எனக்கு மறக்கவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் வளர்ந்த நாயும் பூனையும் வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு சேர்ந்து சைவம்தான் தின்றன, ஒன்றும் செத்துப்போகவில்லை. இதுவும் அந்தக் கணக்கில் வந்துவிட்ட ஒரு பிராணி என்று என் தலைக்குள் ஏதோ ஒன்று சமாதானம் சொன்னது.

அது தயிர்ச்சோற்றை நக்கி நக்கித் தின்றது. வாழைப்பழத்துக்கு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பார்த்தாயா, சைவக் கீரி என்றாள். பின்னேரம் தான் தின்ன வைத்திருந்த பழத்தில் பாதியைத் தன் விரலாலேயே ஊட்டினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் வயிற்றாலே போனது. மூன்றாம் நாள் பச்சையாகப் போனது. தயிரைக் குறைத்துச் சோற்றைக் கூட்டினேன். நாலாம் நாள் காலுறை ஒன்றும் தொலையவில்லை.

ஐந்தாம் நாள் நான் வேலையால் வந்தபோது பின்னேரம் மூன்று மணி. அது துணிக்குள் கிடந்தது. நித்திரை என்று நினைத்தேன். பிள்ளை படுக்கட்டும் என்று கூட்டுக்கு மேலே ஒரு போர்வையைப் போட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து அதைப் பற்றி நாலு வரி எழுதினேன். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். அந்த நாலு வரியைப் பிறகு நான் வாசிக்கவே இல்லை.

தூக்கியபோது கண் திறந்திருந்தது. வாயால் எச்சில் வடிந்து கழுத்து மயிர் ஒட்டியிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் யாருடையதோ போலத் தொங்கின. பொறுத்தேன். கொட்டாவி வரவில்லை.

மிருக வைத்தியரின் இடத்தில் போன் எடுத்தவர் தமிழர். என் இங்கிலீஷ் தடுமாறியதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அக்கா, வீட்டில தேன் இருக்கோ? கொஞ்சம் எடுத்துப் பல் முரசில பூசுங்கோ. வாய்க்குள்ள ஊத்தாதேங்கோ. பூசிப்போட்டு உடன கொண்டு வாங்கோ."

எங்கள் குசினியில் தேன் இல்லை. நான் அலுமாரிகளைத் திறந்து திறந்து மூடினேன். அக்கா சாமியறைக்குள் போய், மறுநாள் பஞ்சாமிர்தத்துக்கென்று வைத்திருந்த போத்தலை எடுத்து வந்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். காரில் அவள்தான் ஃபெரெட்டை மடியில் வைத்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் தின்னாதவள். ஒவ்வொரு சிவப்பு லைற்றிலும் அவள் விரல் போத்தலுக்குள் போய்வந்தது. போகும் வழியில் அது ஒருதடவை கண்ணைச் சிமிட்டியது என்றாள். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், பார்க்க முடியவில்லை.

இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிட்டது என்றார் வைத்தியர். இந்த வயதில் இந்தப் பிராணிகளுக்குக் கணையத்தில் சிறு கட்டிகள் வருவது வழக்கம், முன்பே இருந்திருக்கலாம் என்றார். அப்படியானால் எங்கள் ஐந்து நாள் சாப்பாடு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன். இனிப்பும் மாவும் சீனியைச் சட்டென்று ஏற்றி, பிறகு இன்னும் கீழே இறக்கியிருக்கும் என்றார். எது எவ்வளவு என்று திரும்பவும் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். வீட்டில் வைத்துக் காலையும் மாலையும் மருந்து, இறைச்சிக் கூழ் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, தவறக்கூடாது. இன்னும் இரண்டு நாளைத் தாண்டுகிறதா என்று பார்ப்போம் என்றார்.

ஆறாம் நாள், சூரன்போர். அக்கா தண்ணீரும் குடிக்காத நாள். எனக்கு வேலை, லீவு கேட்டேன், தரவில்லை. கூழ் ரின்னையும் கரண்டியையும் கராஜ் தட்டில் வைத்தேன், இடைவேளைக்குள் பிக்கரிங்கில் இருந்து வந்து போகலாம் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு. அவளிடம் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது.

சப்பாத்துப் போடும்போது, தலை தோய்ந்து திருநீறு பூசிய நெற்றியோடு அக்கா படியில் வந்து நின்றாள்.

"எத்தினை மணிக்குக் குடுக்கவேணும்?"

"பத்துக்கும் ரண்டுக்கும். அது கோழி இறைச்சியக்கா."

"எனக்குத் தெரியாதே? நீ போ. நான் இண்டைக்குக் கோயிலுக்குப் போகேல்லை."

பத்து மணிக்கு ஒரு கரண்டி தின்றதாகத் தகவல் அனுப்பியிருந்தாள். இரண்டு மணிக்கு நான் பெட்டிகளுக்கு நடுவில் ஒளிந்து நின்று போன் எடுத்தேன்.

"வாய் திறக்குதில்லை," என்றாள்.

"விரலில எடுத்து உதட்டில பூசிப் பாருங்கோ."

"பூசிப்போட்டன்."

"நக்குதோ?"

"இல்லை."

மூச்சு விடுகிறதா என்று கேட்டேன். விடுகிறது என்றாள். இன்னொருதரம் பூசச் சொன்னேன். பூசினாள். கராஜின் குளிரில் அவள் பல் அடிப்பது போனில் கேட்டது. உள்ளே கொண்டுபோய்ச் சூட்டில் வைத்துக் கொடுங்கள் என்றேன். ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறேன், குசினியில் என்றாள். அப்படியானால் அது குளிர் இல்லை. அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கை வெறுமனே இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டி ஒன்றின் ஒட்டுநாடாவை உரித்துக்கொண்டே இருந்தேன். இடைவேளை முடிந்து எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள்.

"நீ போனை வையாதை," என்றாள்.

நாலாவது பூச்சில் நக்கியது. எனக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். அரைக் கரண்டி போயிருக்கும் என்றாள்.

"ஆறு மணிக்கும் நக்குமோ?" என்று கேட்டாள்.

"தெரியாதக்கா," என்றேன்.